"உள்ளேன் ஐயா!" – சிப்புக்குள் நிரல் ஏறிய வரலாறு



விழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரையும் கேன்டீன் கடன் நோட்டையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆகவே போன தடவை நாம் கூடியபோது, நம் பழைய மைக்ரோபிராசசர் லேபில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து பழைய இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று லேபுக்குள் எட்டிப் பார்த்தேன். இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் ஒரு லேப்டாப்பையும் ஒரு ஆர்டுயினோ போர்டையும் வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக் கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"போர்டு செத்துப் போச்சு சார். இது மூணாவது போர்டு. இனிமே வாங்கக் காசு இல்லை. சிமுலேஷன் மட்டும் காட்டி ரிப்போர்ட் எழுதிடலாம்னு இருக்கோம்."

போர்டைப் பார்த்தேன். ஒரு புளூடூத் மாட்யூலின் இரண்டு ஒயர்கள் 0, 1 என்று எண்ணிட்ட கால்களில் செருகியிருந்தன. இரண்டையும் உருவிவிட்டு, "இப்ப ஏத்திப் பாருங்க" என்றேன். ஏறிவிட்டது! இரண்டு பேரும் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. என் தலைமுறை பட்ட அடிகளும், எனக்கு முந்தைய தலைமுறை பட்ட அடிகளும் சேர்ந்து கண்டுபிடித்தவை அவை. அந்தக் கதையை அன்றைக்குச் சொல்ல நேரம் இல்லை. இந்த மலரில் சொல்கிறேன்.

கல்வெட்டுக் காலம்

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பயன்படுத்தினார். வன்பொருள் என்றும் முழுதாகச் சொல்ல முடியாமல், மென்பொருள் என்றும் சொல்ல முடியாமல் இடையில் நிற்கிற ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் அது. பிற்காலத்தில் சிப்புக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் நிரலுக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்ற மைக்ரோ கண்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. செயலி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு எல்லாம் ஒரே சிப்பில்! ஆனால் நிரலை நாம் ஏற்ற முடியாது. நிரலை எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். சிப்பைத் தயாரிக்கும்போதே அதை மாஸ்க்கில் பொறித்துவிடுவார்கள். இதற்கு மாஸ்க் ரோம் என்று பெயர். நம்ம ஊர்க் கோயில் கல்வெட்டு மாதிரி, வெட்டியது வெட்டியதுதான். ஓர் இடத்தில் தப்பு நேர்ந்தால் அடித்து வந்த சிப்புகள் அத்தனையும் குப்பைக்குத்தான்.

இந்தக் கல்வெட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் திரும்பி வரும்.

கோளாறில் பிறந்த ஈப்ராம்

எழுதி, அழித்து, மறுபடி எழுதக்கூடிய ஈப்ராம் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு கோளாறைத் தேடப் போனதில்தான்! இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்ற பொறியாளர், 1101 என்ற நினைவகச் சிப்பில் வந்த ஒரு பழுதை ஆராய்ந்து கொண்டிருந்தார். சில டிரான்சிஸ்டர்களில் கேட் இணைப்பு அறுந்து போயிருந்தது. அறுந்து தனியாக நின்ற அந்தக் கேட்டில் மின்னூட்டம் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் இருந்தது. "பழுதான சிப், தூக்கிப் போடு" என்று அவர் போய்விடவில்லை. வேண்டுமென்றே இப்படிச் சிக்க வைத்தால் அதையே ஞாபகமாகப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். 1971-இல் 1702 என்ற ஈப்ராம் வந்தது. மொத்தக் கொள்ளளவு 2048 பிட், அதாவது வெறும் 256 பைட்.

அழிப்பதற்குச் சிப்பின் தலையில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை இருபது நிமிஷம் போலக் காட்டினால், சிக்கியிருந்த மின்னூட்டம் கழன்றுவிடும். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலும் அழியும், டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று வருஷத்தில் அழியலாம் என்று டேட்டா ஷீட்டிலேயே போட்டிருப்பார்கள். அதற்காகத்தான் நாம் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். "நல்லா ஓடிக்கிட்டிருந்த சிஸ்டம் திடீர்னு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுது" என்று யாராவது சொன்னால் முதலில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தக் காலத்து வைத்தியம்.

முதல் நிரலை யார் ஏற்றுவது?

எழுதுவதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. நிரலை வாங்கி நினைவகத்தில் வைப்பதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை யார் வைப்பது?

1975-இல் ஆல்டேர் 8800 கணிப்பொறி வந்தபோது, முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, அந்த முதல் நிரலை மனிதனே பைட் பைட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்காக எழுதிய பேசிக் மொழியைக் காகித நாடாவில் பதித்து எடுத்துக்கொண்டு, பால் ஆலன் ஆல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் போனார். விமானம் இறங்கும் நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது: நாடாவைப் படிக்கச் சொல்லும் அந்தக் குட்டி நிரலை எழுதவே இல்லை! விமானத்திலேயே ஒரு காகிதத்தில் இயந்திர மொழியில் எழுதினார். மறுநாள் அதைத் தட்டி ஏற்றியபோது வேலை செய்தது. பூட்ஸ்ட்ராப் லோடர் என்று பெயர் அதற்கு. இன்று பூட்லோடர் என்று நம் பிள்ளைகள் சொல்வதும் இதன் வழி வந்ததுதான்.

நம் லேபில் இருந்த 8085 டிரெய்னர் கிட்டில் அந்த வேலையை ஒரு மானிட்டர் ஈப்ராம் பார்த்துக்கொண்டது. கிட்டை ஆன் செய்ததும் அது விழித்து, நாம் கீபேடில் தட்டும் ஹெக்ஸ் எண்களை வாங்கி ரேமில் வைக்கும். 76 என்றால் நில். சி3 என்றால் தாவு. அறுபது எழுபது பைட்டைத் தட்டி முடித்து, எக்ஸிக்யூட் அழுத்தப் போகும் நேரத்தில் கரண்ட் போகும்! ரேமில் இருந்தது அத்தனையும் போச்சு. லேப் முழுக்க ஒரே குரலில் "ஐயோ!" என்று கத்துவோமே, மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் கரண்ட் திரும்பியதும் மானிட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து "சொல்லு" என்று காத்திருக்கும். அது அழியாமல் இருந்ததால்தான் நாம் மறுபடி தட்ட முடிந்தது. இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் அடுத்த முப்பது வருஷத்துக் கதையும் நடக்கிறது.

ஒரு எழுத்தால் செத்த சிப்

இங்கே ஒரு பாவ மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் இறுதியாண்டு புராஜக்ட்டுக்காக நாலு பேர் காசு போட்டு, சென்னை ரிச்சி தெருவில் ஒரு 2764 ஈப்ராம் வாங்கி வந்தோம். லேபில் இருந்த புரோகிராமரில் செருகி நிரலை ஏற்றினோம். சரிபார்த்தால் ஒரு பைட்கூடப் பொருந்தவில்லை. அழித்துப் பார்த்தோம், பிரயோஜனமில்லை. "கடைக்காரன் டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று நாலு நாள் அவரைத் திட்டித் தீர்த்தோம்.

லேப் அசிஸ்டன்ட் அண்ணன் சிப்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"2764, அண்ணே."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஒரு 'ஏ' இருந்தது. 2716-க்கு ஏற்றும் மின்னழுத்தம் 25 வோல்ட். 2764-க்கு 21 வோல்ட். பின்னால் 'ஏ' போட்ட 2764-க்கு வெறும் 12.5 வோல்ட்தான்! நாங்கள் 21 வோல்ட் கொடுத்துக் கொன்றிருந்தோம். கடைக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அண்ணன் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "ஏத்தறதுக்கு முன்னாடி, அது யாருன்னு கேளு. அது பதில் சொன்னப்புறம் ஏத்து." அந்த வாக்கியத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு: 2716-இல் ஒவ்வொரு பைட்டுக்கும் 50 மில்லி செகண்ட் துடிப்பு கொடுக்க வேண்டும். 2048 பைட்டுக்கு நூறு செகண்டுக்கு மேல். ஒரு தப்பைத் திருத்த இருபது நிமிஷம் அழித்து, இரண்டு நிமிஷம் எழுதிச் சரிபார்க்க வேண்டும். ஒரு மதிய லேபில் நாலைந்து முயற்சிதான் கிடைக்கும். அதனால் ஏற்றுவதற்கு முன் பத்துத் தடவை யோசித்தோம். பொறுமை எங்கள் குணம் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லை!

பெயர் கேட்டால் பதில் சொல்லும் சிப்

1980-இல் இன்டெல்லின் 8051 வந்தது. உள்ளேயே 4 கிலோபைட் நிரல் இடம், 128 பைட் ரேம். இதன் 31-ஆவது கால் பல பேர் தூக்கத்தைக் கெடுத்த கால். அதை 5 வோல்ட்டில் கட்டினால் உள்ளே இருக்கும் நிரலைப் படிக்கும். தரையில் கட்டினால் வெளியே இருக்கும் ஈப்ராமைத் தேடிப் போகும். ஒன்றும் கட்டாமல் விட்டால் என்ன செய்யும் என்று நம்பிச் சொல்ல முடியாது. நிரல் நன்றாக ஏறியிருக்கும், சரிபார்ப்பும் பொருந்தியிருக்கும், ஆனாலும் சர்க்யூட் ஓடாது. "செத்துப் போச்சு" என்று எழுதி வைத்த எத்தனையோ சிப்புகள் இந்த ஒரு காலுக்காக உயிரோடு புதைக்கப்பட்டவை.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க 30-ஆவது கால் உதவும். கிரிஸ்டல் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் அங்கே துடிப்பு வந்துகொண்டிருக்கும். ஆசிலோஸ்கோப்பில் அந்தத் துடிப்பு தெரிந்தால் நாடி இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நிரலைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்து 1984-இல் உலகுக்கு அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் மாதிரி ஒரே மின்னலில் அழிகிறதே என்று அவருடைய சக ஊழியர் சொன்ன பெயர் அது. 1993-இல் ஆட்மெல் நிறுவனம் ஃபிளாஷ் வைத்த 8051-ஐ 89சி51 என்று கொண்டு வந்தது. அதே 1993-இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16சி84, மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய நினைவகத்தோடு வந்தது. ஜன்னலும் போச்சு, ஊதா விளக்கும் போச்சு, இருபது நிமிஷமும் போச்சு!

நார்வே நாட்டின் டிரோன்ஹெய்ம் நகரில் படித்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரண்டு மாணவர்களின் யோசனையில் தோன்றிய ஏவிஆர் சிப்புகளை 1990-களின் பின்பாதியில் ஆட்மெல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் போட்ட விதை என்பதால் நம் மலரில் அவர்களுக்கு ஒரு தனி வணக்கம். சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்காமல், போர்டில் இருந்தபடியே நாலு சிக்னல் ஒயரில் நிரல் ஏற்றலாம் என்பது இதில் பெரிய வசதி.

இங்கேதான் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். ஏவிஆர் சிப்பில் நிரல் ஏற்ற, முதலில் அதன் ரீசெட் காலைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஏசி, 53 என்ற இரண்டு ஹெக்ஸ் பைட்டுகளை அனுப்ப வேண்டும். சிப் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த பைட் போகும்போது அதே 53-ஐத் திருப்பிச் சொல்லும். நம் வகுப்பில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்போமே, அதேதான்! அதற்குப் பிறகு கையெழுத்து பைட்டுகளைக் கேட்கலாம். ஏ.டி.மெகா 328பி சிப் என்றால் 1இ, 95, 0எஃப் என்று மூன்று எண்கள் சொல்லும். பின்னால் 'பி' இல்லாத 328 சிப் 1இ, 95, 14 என்று சொல்லும். போர்டில் ஒன்று இருக்க, கணிப்பொறியில் நாம் இன்னொன்றைக் குறித்திருந்தால், "ஆள் மாறியிருக்கிறது" என்று மென்பொருள் ஏற்ற மறுத்துவிடும். என் பழைய 'ஏ' எழுத்துக் கதை போலத்தான்; ஆனால் இப்போது சிப் சாகாமல் தப்பிக்கிறது. லேப் அண்ணன் சொன்னதைச் சிப் தயாரிப்பவர்களும் கேட்டிருப்பார்கள் போல!

பதில் வராவிட்டாலும் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. புது ஏ.டி.மெகா 328பி தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நாம் பேசும் வேகம் அதன் கடிகார வேகத்தில் கால் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். படபடவென்று பேசினால் அதற்குப் புரியாது. மெதுவாகப் பேசினால் உடனே பதில் வரும். அதேபோல ஃப்யூஸ் பிட்டைத் தவறுதலாக வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றிவிட்டு, கிரிஸ்டலே வைக்காமல் விட்டிருந்தால் சிப் மயக்கத்தில் கிடக்கும். கடிகாரக் காலில் வெளியிலிருந்து ஒரு துடிப்பைக் கொடுத்தால் எழுந்துவிடும். ரீசெட் காலையே ஃப்யூஸில் அணைத்துவிட்டிருந்தாலும், 12 வோல்ட் கொடுத்து எழுப்பும் வழி இருக்கிறது.

பத்து பைசா பொருள் செய்த புரட்சி

2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரின் வடிவமைப்புக் கல்லூரியில் ஆர்டுயினோ பிறந்தது. மாசிமோ பன்சி முதலான ஐந்து பேர் கொண்ட குழு; அதே கல்லூரியில் ஹெர்னாண்டோ பராகன் என்ற மாணவர் முன்னதாகச் செய்திருந்த வயரிங் என்ற புராஜக்ட்டை அடித்தளமாகக் கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரிலிருந்து அரசாண்ட ஆர்டுயின் மன்னன் பெயரில் ஒரு மதுக்கடை இருந்தது. நண்பர்கள் கூடும் அந்தக் கடையின் பெயரே போர்டுக்கும் வந்தது.

இதில் புரோகிராமர் கருவியே வேண்டாம். சிப்புக்குள் ஒரு சின்ன பூட்லோடர் முன்கூட்டியே குடியிருக்கும். நம் 8085 கிட்டின் மானிட்டர் போலவேதான். ரீசெட் ஆனதும் சற்று நேரம் விழித்துக் காத்திருக்கும். யாராவது கூப்பிட்டால் புது நிரலை வாங்கும். யாரும் கூப்பிடாவிட்டால் பழைய நிரலை ஓடவிடும். ஆரம்பகால போர்டுகளில் ரீசெட் பட்டனை நாமே சரியான நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு செகண்ட் முந்தினாலும் பிந்தினாலும் தவறிவிடும். 2007-இல் வந்த டியேசிமிலா போர்டில் இதற்குத் தீர்வு கண்டார்கள். கணிப்பொறி பேச ஆரம்பிக்கும்போது டி.டி.ஆர். என்ற சிக்னல் கீழே இறங்கும். அதை 100 நானோஃபாரட் கண்டென்சர் ஒன்றின் வழியாக ரீசெட் காலோடு இணைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்! ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் மாணவன் தானே எழுந்து நிற்பது போல, சிப் தானே ரீசெட் ஆகிக் காத்திருக்கும்.

அதன் பிறகு நடப்பதுதான் வருகைப் பதிவு. கணிப்பொறி 30, 20 என்ற இரண்டு பைட்டுகளால் கூப்பிடும். பூட்லோடர் 14, 10 என்று பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒத்திசைவு இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தியைத் திரையில் போடும். அந்த மாணவர்கள் பார்த்த சிவப்பு வரி அதுதான். அதற்கு "போர்டு செத்துவிட்டது" என்று பொருள் இல்லை. "பேர் கூப்பிட்டேன், பதில் இல்லை" என்றுதான் பொருள்.

ஏன் பதில் இல்லை? 0, 1 ஆகிய கால்கள் கணிப்பொறியோடு பேசும் அதே பாதையில் இருக்கின்றன. ஊனோ போர்டில் கணிப்பொறிப் பக்கத்துச் சிப் ஒரு 1 கிலோ ஓம் தடை வழியாகப் பேசுகிறது. புளூடூத் மாட்யூலோ நேரடியாக ஒயரில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் பேர் கூப்பிடும்போது காதருகே பக்கத்துப் பையன் கத்திக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்? ஒயரை உருவியதும் கேட்டுவிட்டது.

வேறு காரணங்களும் உண்டு. நானோ போர்டுகளில் பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், 2018-க்குப் பின் வந்த புதியது 115200-இல் பேசும். தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் இருவரும் வேறு வேறு மொழி பேசின கதை. சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் யு.எஸ்.பி. கேபிளில் மின்சாரம் வரும், செய்தி வராது. போர்டில் விளக்கு எரியும், கணிப்பொறிக்குப் போர்டு தெரியாது. விலை குறைந்த போர்டுகளில் சி.ஹெச். 340 சிப் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் போர்ட் பட்டியலில் பேரே வராது. 2014 அக்டோபரில் இன்னொரு கூத்தும் நடந்தது. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. அது அந்நிறுவனச் சிப்பைப் போல் செய்யப்பட்ட போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. தாங்கள் வாங்கியது போலி என்றே தெரியாதவர்களின் போர்டுகள் ஒரே நாளில் ஊமையாகின. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். அடையாள எண்ணைத் திருப்பி எழுதியதும் போர்டுகள் பிழைத்துக் கொண்டன.

கல்வெட்டு திரும்பி வந்தது

இந்தப் பூட்லோடரும் ஃபிளாஷில்தான் இருக்கிறது. அதுவே அழிந்துபோனால்? மறுபடி வெளிப் புரோகிராமர் தேட வேண்டியதுதான். இதற்கு விடையாகத்தான் பழைய கல்வெட்டு திரும்பி வந்தது. 2014-இல் பரவத் தொடங்கிய ஈ.எஸ்.பி. 8266, அதன் பிறகு 2016-இல் வந்த ஈ.எஸ்.பி. 32, 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெரி பை பிக்கோ இவற்றிலெல்லாம் முதல் பூட்லோடர் மாஸ்க் ரோமில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம் நினைத்தாலும் அழிக்க முடியாது. ஈ.எஸ்.பி. சிப்புகளில் 0 என்ற காலைத் தரையில் பிடித்துக்கொண்டு ரீசெட் செய்தால், "ஏற்றுங்கள், காத்திருக்கிறேன்" என்று நிற்கும். பிக்கோவில் பூட்செல் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால், பென் டிரைவ் போலத் திரையில் வந்து நிற்கும். கோப்பை இழுத்துப் போட்டால் போதும்.

மாற்ற முடியாதது என்று 1974-இல் குறையாகச் சொன்ன அதே குணம்தான் இன்று காவல். எத்தனை தப்பு செய்தாலும் திரும்பி வர ஒரு வாசல் அழியாமல் இருக்கிறது.

செவ்வாயில் ஒரு போர்டு

இந்த வாசலின் அருமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இது மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு அல்ல, கொஞ்சம் பெரிய இடத்துச் சமாச்சாரம். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, பதினெட்டாம் நாள் திடீரென்று பேச்சை நிறுத்தியது. பிறகு கிடைத்த துண்டு துணுக்குச் செய்திகளில், அது தானாகவே அறுபது தடவைக்கு மேல் ரீசெட் ஆகியிருந்தது தெரிந்தது. இரவில் தூங்கவும் இல்லை, பேட்டரி வற்றிக் கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துப் பார்க்க முடியுமா?

பொறியாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஃபிளாஷில் கோப்புகள் அளவுக்கு மேல் சேர்ந்திருந்தன. விழிக்கும்போது அவற்றின் பட்டியலை வைக்க ரேமில் இடம் போதாமல் விழுந்துகொண்டிருந்தது. "ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு" என்று ஒரு கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது! ஃபிளாஷைச் சுத்தம் செய்து, பிப்ரவரியில் மறுபடி வேலையில் இறக்கினார்கள். தொண்ணூறு நாளுக்காகச் செய்த ஊர்தி, 2010 மார்ச் வரை செய்தி அனுப்பியது. பதினெட்டாம் நாளே "செத்துப் போச்சு சார்" என்று அவர்கள் எழுதி வைத்திருந்தால்?

வரிசையாகக் கேளுங்கள்

தம்பி தங்கைகளே, இந்த வரலாற்றிலிருந்து உங்கள் கைக்கு வருவது ஒரு வரிசைதான். சிவப்பு எழுத்து வந்தால் பதற வேண்டாம். போர்டில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். செய்தி கடத்தும் கேபிள்தானா என்று பாருங்கள். கேபிளைச் செருகும்போது போர்ட் பட்டியலில் பேர் வந்து, உருவும்போது மறைகிறதா? மறைந்தால் கணிப்பொறியிலிருந்து போர்டு வரை பாதை சரி. அடுத்து, மென்பொருளில் குறித்திருக்கும் போர்டும் சிப்பும் கையில் இருப்பதுதானா என்று சிப்பின் மேல் எழுதியிருப்பதைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். பிறகு ரீசெட் நேரம், பேசும் வேகம். அதற்கும் பிறகு வெளிப் புரோகிராமரை மாட்டி, கையெழுத்து பைட்டுகளைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றி அது ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்தவனுக்கும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். லேபின் மூலையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. மேலே மார்க்கரில் "டெட்" என்று எழுதியிருந்தது. உள்ளே பதினான்கு போர்டுகள். நானும் அந்த இரண்டு பேரும், வேடிக்கை பார்க்க வந்த இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டோம். இருட்டுவதற்குள் ஒன்பது போர்டுகள் "உள்ளேன் ஐயா" என்றன. இரண்டுக்குப் பூட்லோடர் மறுபடி எழுத வேண்டியிருந்தது, அதையும் எழுதினோம். மூன்று மட்டும் நிஜமாகவே செத்தவை. ஒன்றில் சிப் கருகியே போயிருந்தது. அந்த ஒன்பதில் இரண்டு, அந்த மாணவர்கள் செத்துவிட்டது என்று பெட்டியில் போட்ட போர்டுகள். சிமுலேஷன் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர்கள் புராஜக்ட்டை ஓடவிட்டே காட்டினார்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களே, ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நிதி தருகிறோம், நல்லது. அடுத்த தடவை வரும்போது ஒரு மதியப் பொழுதையும் கொண்டு வாருங்கள். லேபில் அந்தப் பெட்டி மறுபடி நிறைந்திருக்கும். எங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தார். இவர்களுக்கு நாம் இருப்போம்.